எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை, ஓட்டுப் போடுவதா வேண்டாமா? செட்டிநாட்டுப் புதிய வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

‘எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை’ என்று சொல்லிவிட்டு வாக்குப்பதிவு நாளன்று வீட்டில் படுத்துக்கொள்வது எளிது. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. இந்தியாவில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் கிடையாது, யாரும் வந்து ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். ஆனால் கேள்வியை ‘போடுவதா, வேண்டாமா’ என்று இரண்டாக மட்டும் வைத்துக்கொண்டால் விடை கோணலாகத்தான் வரும். உங்கள் கையில் இருக்கும் வழிகள் நான்கு. வீட்டிலேயே இருக்கலாம். சாவடிக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு ‘வாக்களிக்க விரும்பவில்லை’ என்று சொல்லலாம். நோட்டாவை அழுத்தலாம். நிற்பவர்களில் ஒருவருக்குப் போடலாம். இவற்றில் மூன்று அரசாங்கக் காகிதத்தில் ஆளுக்கொரு கட்டத்தில் பதிவாகும். ஒன்று மட்டும் எங்கேயும் பதிவாகாது. எது எங்கே போய் விழுகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முதல் படி: பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

முடிவு எதுவானாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பேச்சே இல்லை. செட்டிநாட்டில் பலருக்குச் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

காரணம் இந்த ஊர்களின் வாழ்க்கை முறை. வேலை சென்னையில், பிள்ளைகள் சிங்கப்பூரில், பூர்வீக வீடு கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பூட்டிக் கிடக்கும். நகரத்தார் வீடுகளில் திருமணம் ஆனவுடன் ஊர்க் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, சேர்ந்துவிடுகிறார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் புள்ளி வரி கட்டினால் அந்தக் கணக்கில் இடம் உண்டு. வாக்காளர் பட்டியலையும் அப்படியே நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் கணக்கு வேறு, இது வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 20 சொல்வது தெளிவானது: ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் அங்கே ‘வழக்கமாக வசிப்பவர்’ ஆகிவிட மாட்டார். முகப்பில் தாத்தா பெயர் பொறித்திருக்கலாம், ஆயிரம் சன்னல் இருக்கலாம், பட்டியலுக்கு அது பொருட்டல்ல. அதேபோல, கொஞ்ச காலம் வெளியூர் போயிருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரின் வசிப்பிடம் மாறிவிடுவதும் இல்லை. படிக்கப் போன பிள்ளை, ஆறு மாத வேலைக்குப் போனவர் எல்லாம் இந்த இரண்டாவது வகை.

இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். பிரிவு 17ம் 18ம் அதைத் தடுக்கின்றன. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31ன்படி ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். எந்த ஊரில் ஆண்டின் பெரும்பகுதி சாப்பிட்டுத் தூங்குகிறீர்களோ அந்த ஊரே உங்கள் ஊர்.

படிவங்கள் இவை. முதன்முறை சேர்வதற்குப் படிவம் 6. வீடு மாறினாலும் பெயர், வயது, முகவரி திருத்தினாலும் படிவம் 8. இறந்தவர், குடிபெயர்ந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல் அங்கே வசிப்பவருக்குப் படிவம் 6-ஏ. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருப்பவர் இதில் சேரலாம், அங்கே குடியுரிமையே வாங்கிவிட்டவர் சேர முடியாது. 6-ஏயில் சேர்ந்தவருக்கு வாக்காளர் அட்டை வராது. அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும்.

18 வயது நிறைவதற்கு ஜனவரி 1 மட்டும் கணக்கு என்பது பழைய விதி. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். தேர்தல் அறிவித்த பிறகு விழித்துக்கொண்டாலும் கொஞ்சம் அவகாசம் இருக்கும், ஆனால் வேட்புமனு முடியும் நாளுக்குப் பிறகு யார் பெயரும் புதிதாக ஏறாது. விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் உள்ளே இருக்க வேண்டும்.

‘போன தடவை போட்டேனே’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். பூட்டிய வீடுகள் நிறைந்த தெருக்களில் இதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1950 என்ற எண்ணை அழைத்தோ, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைத் தட்டியோ பாருங்கள். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு நாளில் வரிசையில் நிற்கும்போது அதுதான் உதவும்.

இரண்டாம் படி: இது எந்தத் தேர்தல்?

கட்சி பிடிக்கவில்லை என்பதற்கு ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே எடை இல்லை. மக்களவைக்குச் சிவகங்கைத் தொகுதி. காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை, புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம், ஆலங்குடி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடக்கம். அங்கே போகிறவர் கட்சிக் கொறடா சொல்படி கை தூக்குவார், ஆகவே அங்கே கட்சியைப் பார்ப்பது நியாயம். சட்டமன்றத்திலும் ஆட்சி அமைப்பது கட்சிதான். ஆனால் எம்.எல்.ஏ.விடம் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, எம்.பி.யிடம் 5 கோடி. கண்மாய்க்கரைச் சாலையா, பேருந்து நிழற்குடையா, எந்த ஊருக்கு முதலில் என்று தேர்ந்தெடுப்பது அந்த ஆள். எந்தக் கட்சி என்றாலும் அந்த நிதி வரும். அதை யார் ஒழுங்காகச் செலவழிப்பார் என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

ஊராட்சித் தேர்தலில் ‘கட்சி பிடிக்கவில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரும் ஊராட்சி வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் போட்டியிடுகிறார்கள். ஒன்றியக் குழு, மாவட்டக் குழு உறுப்பினருக்குத்தான் கட்சிச் சின்னம். வாக்குச்சீட்டின் நிறமே சொல்லிவிடும்: தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழுவுக்குப் பச்சை, மாவட்டக் குழுவுக்கு மஞ்சள், வார்டுக்குப் பெரும்பாலும் வெள்ளை. கட்சி என்றாலே கசக்கிறது என்பவர் இளஞ்சிவப்புச் சீட்டையும் விட்டுவிட்டால் அவருக்குக் கசப்பது கட்சி இல்லை.

ஒரு எச்சரிக்கை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நோட்டா அங்கே தானாக வந்துவிடாது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் இயந்திரத்தில் நோட்டா பட்டன் இல்லை. கிராமத்து வாக்குச்சீட்டை ஒன்றும் குத்தாமல் மடித்துப் போட்டால் அது செல்லாத ஓட்டு, அவ்வளவுதான். தவறி இரண்டு சின்னத்தில் குத்தியவர் ஓட்டோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிடுவார்கள். கோபத்தில் வெறுமையாக விட்டதும் கை நடுங்கிப் பிசகியதும் எண்ணுகிறவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

மூன்றாம் படி: பிடிக்காதது கட்சியா, ஆளா?

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லா வேட்பாளரும் மனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம். ‘உங்கள் வேட்பாளரை அறிந்துகொள்ளுங்கள்’ என்ற ஆப்பிலும் கிடைக்கும். கையெழுத்துப் பிரதியை ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள், சில பக்கம் மங்கலாக இருக்கும். செல்போனில் முடியாது, கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

சொத்துப் பக்கத்துக்கு முதலில் ஓடாதீர்கள். செட்டிநாட்டில் பழைய வீடும் பூர்வீக நகையும் சேர்ந்தாலே தொகை பெரிதாகத் தெரியும். பணம் இருப்பது குற்றமும் இல்லை. வருமானத்தைப் பாருங்கள்: கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு வரிசையாக இருக்கும். அதே ஆள் முன்பு நின்றிருந்தால் அப்போது கொடுத்த பத்திரமும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இடையில் காட்டிய வருமானத்துக்கும் கூடிய சொத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி என்ற கட்டத்தையும் விடாதீர்கள்.

வழக்குப் பக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, எண்ணிக்கையை எண்ணுவது. ‘இவர் மேல் 14 வழக்கு, அவர் மேல் ஒன்றுதான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிரிவுகளைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 சட்டவிரோதமாகக் கூடுதல், 341 வழிமறித்தல், 188 அதிகாரியின் உத்தரவை மீறுதல். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சாலை மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம் என்று பொருள். போராட்டக்காரர் மேல் இப்படி 20 வழக்கு இருப்பது சகஜம். 420 என்றால் மோசடி, 307 என்றால் கொலை முயற்சி. 2024 ஜூலை 1க்குப் பிந்தைய வழக்குகளில் பாரதிய நியாய சன்ஹிதா எண்கள் வரும்: கூடுதலுக்கு 189, வழிமறித்தலுக்கு 126, உத்தரவு மீறலுக்கு 223, மோசடிக்கு 318, கொலை முயற்சிக்கு 109. ஒரே ஒரு 318, இருபது 223ஐவிடக் கனமானது. குற்றச்சாட்டு வனையப்பட்டுவிட்டதா என்ற கட்டமும் உண்டு. புகார் நிலையில் நிற்பதும் நீதிமன்றம் முகாந்திரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டதும் வேறு வேறு.

வழக்குள்ள வேட்பாளர் அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘வெற்றி வாய்ப்பு’ மட்டும் காரணமாகாது என்றும் சொல்லியிருக்கிறது. பிடிக்காத நான்கு கட்சிகளில் எது இந்தக் காரணத்தை ஒப்புக்கு எழுதியிருக்கிறது என்று படித்தாலே சில முடிவுகள் வந்துவிடும்.

பட்டியலின் அடிவரையும் போய்ப் பாருங்கள். இயந்திரத்தில் பெயர்கள் வரும் வரிசை இது: அங்கீகாரம் பெற்ற கட்சிகள், பிறகு பதிவு மட்டும் செய்த கட்சிகள், பிறகு சுயேச்சைகள், ஒவ்வொரு பகுதியிலும் அகர வரிசை. மேலே உள்ள நான்கு பெயரைத் தாண்டிப் பார்க்காமலே ‘யாரும் சரியில்லை’ என்பவர்கள்தான் அதிகம். அங்கே பெரிய வேட்பாளரின் பெயரையே வைத்துக்கொண்டு குழப்புவதற்காக நிறுத்தப்பட்டவரும் இருப்பார், ஊருக்கு உழைத்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் இருக்கலாம். பத்திரத்தைப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

‘என் ஒரு ஓட்டால் என்ன’ என்பதற்குப் பதில் தொகுதிக்குத் தொகுதி மாறும். 2009 மக்களவைத் தேர்தலில் இதே சிவகங்கையில் ப. சிதம்பரம் வென்ற வித்தியாசம் 3,354 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 559. தோற்றவர் பக்கம் 1,678 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு திரும்பியிருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் வித்தியாசம் 49தான்.

உங்கள் தொகுதியில் கடந்த இரண்டு தேர்தலின் வித்தியாசத்தையும் நோட்டா எண்ணிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டாவைவிட வித்தியாசம் குறைவாக இருந்திருந்தால், அங்கே உங்களைப் போன்றவர்களே முடிவைத் தீர்மானித்திருக்க முடியும். அத்தகைய தொகுதியில் ‘இருப்பதில் கெடுதல் குறைந்தவர் யார்’ என்று கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் அந்த நெருக்கடி இல்லை, மனதுக்குப் பட்டபடி போடலாம்.

ஐந்தாம் படி: நான்கு வழியும் எங்கே போய்ச் சேர்கின்றன

வீட்டில் இருந்தால் நீங்கள் வாக்குப்பதிவுச் சதவீதத்தில் இல்லாத ஒரு பின்னம். இறந்தும் பெயர் நீக்கப்படாதவர், துபாயில் இருப்பவர், மறந்து தூங்கியவர் எல்லாரோடும் சேர்த்து ஒரே தொகையாகக் கழித்துவிடுவார்கள். கொள்கையாகப் புறக்கணித்தேன் என்பது உங்களுக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். ஒரு ஊரே கூடிப் புறக்கணித்தால் தாசில்தார் ஓடி வருவார், செய்தி வரும். தனியாள் புறக்கணிப்புக்கு அந்த வலு இல்லை.

இரண்டாவது வழியின் பெயர் 49-ஓ, 1961 தேர்தல் நடத்தை விதிகளில் உள்ளது. 17-ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு வாக்களிக்க மறுத்தால், தலைமை அலுவலர் அதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதி உங்கள் கையெழுத்தை வாங்குவார். மொத்தம் எத்தனை பேர் அப்படி என்பது 17-சி கணக்கில் ஏறும். சிக்கல் என்னவென்றால், உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்கள் எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். ரகசியம் கெடுகிறது என்ற அந்தக் காரணத்தால்தான் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டா பட்டன் வைக்கச் சொன்னது. ஊரறியச் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தாலொழிய இந்த வழி இன்று தேவையில்லை.

நோட்டாவைப் பற்றித்தான் கட்டுக்கதை அதிகம். ‘நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல்’ என்பார்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தலில் அப்படி ஒரு விதி இல்லை. நோட்டா எவ்வளவு வாங்கினாலும் வேட்பாளர்களில் முதலில் வந்தவர் வெற்றி. 2018ல் மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் தங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் மறுதேர்தல் விதி கொண்டுவந்தன, அந்தச் செய்திதான் கை மாறிக் கை மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2014ல் நீலகிரியில் பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆனது, நோட்டாவுக்கு 46,559 ஓட்டு விழுந்தது. 2024ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிவிட, நோட்டா 2,18,674 ஓட்டோடு இரண்டாம் இடம். அங்கே வென்றவரின் வித்தியாசம் 11 லட்சத்துக்கும் மேல். மக்கள் கோபம் காகிதத்தில் ஏறியது உண்மை, நாற்காலி அசையவில்லை என்பதும் உண்மை.

டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 (பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி) கட்டி நிற்கிறார்கள். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். செல்லுபடியான ஓட்டு 1,80,000 என்றால் 30,000ஐத் தாண்ட வேண்டும். நோட்டா அந்த 1,80,000க்குள் வராது. ஆகவே ‘எல்லாருக்கும் டெபாசிட் போகட்டும்’ என்று நோட்டா போடுகிறவர் எய்த அம்பு குறிக்குப் போவதே இல்லை. அதே ஓட்டைச் சுயேச்சைக்கோ சிறு கட்சிக்கோ போட்டிருந்தால் மொத்தம் ஒன்று கூடி, பெரிய கட்சிக்காரர் தாண்ட வேண்டிய கோடு கொஞ்சம் உயர்ந்திருக்கும். சிறு கட்சிக்கு இன்னொரு லாபம்: மாநிலத்தில் 8 சதவீதம் செல்லுபடியான ஓட்டு வாங்கினால் இடமே வெல்லாவிட்டாலும் அங்கீகாரமும் நிலையான சின்னமும் கிடைக்கும்.

எங்கள் கருத்தைக் கேட்டால்: படிவம் 26ஐப் படித்துப் பார்த்து ஒருவராவது தேறினால், அவர் தோற்பார் என்று தெரிந்தாலும் அவருக்கே போடுவது நோட்டாவைவிடப் பயன். ஒருவரும் தேறவில்லை என்றால் நோட்டா, வீட்டில் இருப்பதைவிடப் பயன். உங்கள் பெயரில் வேறு யாரும் வந்து கை நீட்ட முடியாது என்பதே அதில் ஒரு லாபம்.

நோட்டாவுக்கு முந்திய காலத்தில் எதிர்ப்பைக் காட்ட ஆட்களே வேட்பாளராக நின்றார்கள். 1996ல் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் எதிர்ப்பால் 1,033 பேர் களத்தில் இருந்தார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. அதே ஆண்டு டெபாசிட்டைப் பல மடங்கு உயர்த்தி, சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

பணம், சத்தியம், சொந்தம்

யாரும் பிடிக்கவில்லை என்று இருப்பவரிடம்தான் கவர் சீக்கிரம் வேலை செய்யும். ‘எப்படியும் திருடன்தானே, கொடுக்கிறதை வாங்கிக்கொள்வோம்’ என்ற நினைப்பு. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 173ன்படி ஓராண்டு வரை சிறை. 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே. நகர், 2019ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணத்துக்காகவே தேர்தல் நின்றுபோன கதை தமிழ்நாட்டில் நிறைய.

கவரோடு கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவதும் உண்டு. போடாவிட்டால் சாமி கேட்கும் என்று பயமுறுத்துவது சட்டப்படி ‘முறையற்ற செல்வாக்கு’, தனிக் குற்றம். பயந்து செய்த சத்தியத்துக்கு உள்ளே திரைக்குப் பின்னால் யாரும் சாட்சி இல்லை. புகார் கொடுக்க சி-விஜில் ஆப். சம்பவ இடத்திலிருந்தே படமோ வீடியோவோ எடுத்து அனுப்ப வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பழைய படத்தை ஏற்ற முடியாது. 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்போது புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது.

சொந்தக்காரர் நெருக்குதல்தான் கடினம். சாவடிக்கு 100 மீட்டர் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒன்றுவிட்ட மாமாவாகவே இருப்பார். ‘மாப்ளே, நம்ம சின்னம் தெரியும்ல?’ என்றால் ‘தெரியும் மாமா’ என்றால் போதும். சின்னம் தெரியும் என்பது பொய் இல்லையே. அவர் கொடுக்கும் ஸ்லிப் இல்லாமலும் உள்ளே போகலாம், உங்களிடம்தான் வரிசை எண் குறித்த தாள் இருக்கிறதே.

வாக்குப்பதிவு நாள்

புதுவயல் அரிசி ஆலையில் வேலை செய்தாலும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் தினக்கூலி என்றாலும் அன்று சம்பளத்தோடு விடுமுறை உங்கள் உரிமை (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135-பி). வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று போதும். தேர்தல் ஆணையம் கொடுக்கும் வாக்காளர் தகவல் சீட்டு மட்டும் அடையாளமாகச் செல்லாது. வீட்டில் 85 வயதைத் தாண்டிய ஆச்சி இருந்தால் அவர்கள் வீட்டிலிருந்தே போடப் படிவம் 12-டி. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.

உள்ளே நடப்பது இது. முதல் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து 17-ஏயில் கையெழுத்து வாங்குவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் உங்கள் ஓட்டைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் இருக்கும் கருவியில் பச்சை விளக்கு எரிந்த பிறகே நீல பட்டனை அழுத்துங்கள், அதற்கு முன் அழுத்தினால் எதுவும் ஆகாது. பட்டன் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், விவிபாட் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான தாள் 7 நொடி தெரியும், பிறகு விழும், ‘பீப்’ என்று நீளமாக ஒலிக்கும். ஒலி கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

நோட்டா போடுகிறவர் தடுமாறுவது எங்கே தெரியுமா? ஒரு கருவியில் 16 பேருக்குத்தான் இடம். சரியாக 16 வேட்பாளர் நின்றால் நோட்டா அடுத்த கருவிக்குப் போய்விடும், அதில் அது மட்டும் தனியாக இருக்கும். முதல் கருவியின் அடியில் பார்த்துவிட்டு ‘நோட்டாவே இல்லை’ என்று திரும்பியவர்களும், கடைசிப் பட்டன்தானே என்று பதினாறாவது சுயேச்சைக்குப் போட்டுவிட்டவர்களும் உண்டு. எல்லாக் கருவியிலும் கடைசிப் பெயருக்குப் பிறகு பாருங்கள். வாக்குச்சீட்டின் மேல் குறுக்குக் கோடு போட்ட சின்னம் நோட்டாவுடையது. 2015ல் வந்தது, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்தது. உள்ளே போய் எதையும் அழுத்தாமல் வெளியே வந்துவிடாதீர்கள். திறந்த ஓட்டு தொங்கி நிற்கும், அலுவலர் உங்களைக் கூப்பிடுவார், 49-ஓ ஆகிவிடும், ரகசியமும் போய்விடும்.

விவிபாட் தாளில் வேறு சின்னம் வந்தது என்று தோன்றினால் உடனே தலைமை அலுவலரிடம் சொல்லலாம். எழுத்தில் உறுதிமொழி வாங்கி, ஏஜென்ட்கள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். புகார் பொய் என்றானால் வழக்கு உங்கள் மேல். நிச்சயமாகப் பார்த்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார் என்றால் திரும்பிப் போகாதீர்கள். அலுவலர் கேள்வி கேட்டு நீங்கள்தான் என்று உறுதியானதும் காகித வாக்குச்சீட்டு தருவார், ‘டெண்டர் ஓட்டு’. அது தனி உறையில் சீலிடப்படும். சாதாரணமாக எண்ண மாட்டார்கள், நீதிமன்றம் கேட்டால்தான் திறப்பார்கள். அதனால் வீண் என்று நினைக்க வேண்டாம். வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில் வந்து வழக்குப் போட்டால் முதலில் தேடுவது இந்த உறையைத்தான். மாலை நேரம் முடிவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், எத்தனை மணியானாலும் போடலாம்.

முடிவு வந்த பிறகு

தொகுதி முடிவைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 என்று ஒரு நீள அட்டவணை பிறகு ஏறும். சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று இருக்கும். உங்கள் பாகம் எண்ணுக்கு நேரே பாருங்கள். சின்னச் சாவடியில் நோட்டாவுக்கு மூன்று என்றிருந்தால் அதில் ஒன்று உங்களுடையது என்று உங்களுக்குத் தெரியும். மற்ற இரண்டும் யார் என்று ஊரில் ஆராய்ச்சி நடக்கும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அடுத்த தேர்தலில் நான்காம் படிக்கு வேண்டிய எண்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.